பதினாறு கட்டமும் ஒரு பழைய நெட்புக்கும்

"பரண்ல கிடக்கிற அந்தக் குட்டிக் கம்ப்யூட்டரைப் பழைய சாமான்காரர்கிட்ட போட்டுடலாங்களா? சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்கு."

ஆடி வெள்ளிக்காகப் பரணில் இருந்து பித்தளைச் சாமான்களை இறக்கும்போது என் மனைவி கேட்டாள். வழக்கமாக "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொள்வேன். அன்றைக்கு என்னவோ, "இரு, இரு. அதை இப்படிக் கொடு" என்றேன்.

2009-ல் பையன் கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கிக் கொடுத்தது அது. பத்து அங்குலத் திரை, ஒரு ஜிபி நினைவகம். நெட்புக் என்று சொல்வார்கள். பையன் வேலைக்குப் போய் வேறு கம்ப்யூட்டர் வாங்கியதும் இது பரணுக்குப் போனது. உள்ளே இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி. 2014 ஏப்ரலோடு மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது. ஆக, மெஷினும் ரிட்டயர்டு, நானும் ரிட்டயர்டு.

ஆனால் அன்றைக்கு நான் அதைக் கேட்டதற்குக் காரணம் வேறு. அதைச் சொல்ல இரண்டு மாதம் பின்னால் போக வேண்டும்.

வைகாசியில் ஒரு நாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். கையில் இருந்த பிரஷ் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தால் வலது கை விரல்கள் நான் சொன்னதைக் கேட்கவில்லை. "என்னங்க, என்ன சத்தம்?" என்று உள்ளிருந்து கேட்டவளுக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தை குழறியது. அவள் ஒரு விநாடி என் முகத்தைப் பார்த்தாள். அடுத்த நிமிஷம் எதிர்வீட்டுப் பையன் காரோடு வாசலில் நின்றான்.

"சீக்கிரம் வந்துட்டீங்க. மைல்ட் ஸ்ட்ரோக்தான்" என்றார் டாக்டர். பதினோரு நாள் கழித்து வீட்டுக்கு வந்தேன். பேச்சு திரும்பிவிட்டது, நடையும் பரவாயில்லை. இரண்டு விஷயம் மட்டும் பாக்கி நின்றது. ஒன்று, வலது கை விரல்களில் ஒரு மந்தம். இன்னொன்று, சின்னச் சின்ன மறதி. கண்ணாடியை எங்கே வைத்தேன், மாத்திரை போட்டேனா இல்லையா, இந்த மாதிரி.

மற்றவர்களுக்குக் கை என்பது கை. எனக்கு அது சோறு போட்டது. 1979-ல் தொலைபேசித் துறையில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். அப்போது எங்கள் எக்ஸ்சேஞ்சில் ஸ்ட்ரோஜர் இயந்திரங்கள். நீங்கள் டயலைச் சுற்றி ஒரு எண் போட்டால் அங்கே ஒரு செலக்டர் தடதடவென்று அத்தனை படி மேலே ஏறும். அடுத்த எண்ணுக்குப் பக்கவாட்டில் சுற்றும். ராக் ராக்காக ஆயிரக்கணக்கில் ரிலேக்கள். ஒவ்வொரு ரிலேயிலும் மெல்லிய பட்டை பட்டையாக ஸ்பிரிங்குகள். அவற்றுக்கு நடுவே ஒரு மயிரிழை இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் யாரோ ஒருத்தருக்குப் போன் கிடைக்காது. கேஜ் வைத்து அதைச் சரிசெய்ய வேண்டும். "உன் விரல்ல கண்ணு இருக்குடா" என்பார் எங்கள் சூப்பர்வைசர். அந்த விரலால் இப்போது சட்டைப் பொத்தான் போட முடியவில்லை.

பிசியோதெரபிக்கு வந்த பெண் நல்ல பெண். ஒரு கிண்ணத்தில் மொச்சைக் கொட்டையைப் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்து இன்னொரு கிண்ணத்தில் போடச் சொன்னாள். முதல் வாரம் போட்டேன். இரண்டாம் வாரம் போட்டேன். மூன்றாம் வாரம் கிண்ணத்தைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. "அப்ப ஏதாவது விளையாடுங்க சார். கேரம், செஸ், கம்ப்யூட்டர் கேம், எதுவா இருந்தாலும் சரி. விரலுக்கும் வேலை, மூளைக்கும் வேலை" என்றாள். செல்போனில் விளையாடலாம் என்றால் அதில் ஆட்டத்தைவிட விளம்பரம் அதிகம். என் விரல் போகிற போக்கில் எதையாவது அமுக்கி, எதையாவது வாங்கித் தொலைத்துவிடுவேனோ என்று பயம்.

அந்த நேரத்தில்தான் பரணில் இருந்து நெட்புக் இறங்கியது.

என்னோடு வேலை பார்த்த ஒரு தம்பி, எனக்குப் பத்து வயது இளையவர், கம்ப்யூட்டர் பைத்தியம். அவரிடம் போனில் கேட்டேன். "அண்ணே, அந்த மெஷினுக்குப் புது விண்டோஸ் தாங்காது. லினக்ஸ் போடலாம். ஆனா உங்களுக்குப் பொழுதும் போகணும்னா ஹைக்கூன்னு ஒண்ணு இருக்கு, போட்டுப் பாருங்க" என்றார்.

"ஹைக்கூவா? கவிதையாய்யா?"

"கவிதை இல்லண்ணே, ஆப்பரேட்டிங் சிஸ்டம்!"

மூன்று வரி ஜப்பானியக் கவிதையைப் பற்றி 1916-லேயே பாரதியார் சுதேசமித்திரனில் எழுதியிருக்கிறார் என்று நான் என் புலமையைக் காட்டினேன். அவர் மறுமுனையில் கொட்டாவி விட்டது கேட்டது.

இந்த ஹைக்கூவின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆப்பிளில் பெரிய பதவியில் இருந்த ஜான் லூயி கஸ்ஸே என்ற பிரெஞ்சுக்காரர் அங்கிருந்து வெளியே வந்து 1990-ல் பீ என்ற கம்பெனியைத் தொடங்கினார். அவர்கள் செய்த ஆப்பரேட்டிங் சிஸ்டம்தான் பீஓஎஸ். பாட்டு, வீடியோ எல்லாம் ஒரே நேரத்தில் தடங்கல் இல்லாமல் ஓட வேண்டும் என்று அடியில் இருந்து புதிதாகக் கட்டியது. 1996-ல் ஆப்பிள் தனக்கு ஒரு புது சிஸ்டம் தேடிக்கொண்டிருந்தபோது பீஓஎஸ்ஸை வாங்குவதாகப் பேச்சு நடந்தது. பேரம் படியவில்லை. ஆப்பிள் கடைசியில் நெக்ஸ்ட் கம்பெனியை வாங்கியது. அதோடு கூட ஸ்டீவ் ஜாப்ஸும் ஆப்பிளுக்குத் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். பீ கம்பெனிக்கு நடந்ததுதான் பலருக்குத் தெரியாது. 2001-ல் அதன் சொத்துகளை பாம் கம்பெனி 1 கோடியே 10 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொண்டது. பீஓஎஸ் அத்தோடு நின்றது.

நின்றதா? அங்கேதான் விஷயம். அதை நேசித்த சிலர் அதே 2001-ல், "கம்பெனி போனால் போகட்டும், நாமே அதைத் திரும்ப எழுதுவோம்" என்று உட்கார்ந்தார்கள். முதலில் ஓப்பன்பீஓஎஸ் என்று பெயர். 2004-ல் ஹைக்கூ என்று மாற்றினார்கள். பீஓஎஸ்ஸின் பிரவுசரில் ஏதாவது தவறு நேர்ந்தால் அந்தச் செய்தி ஹைக்கூ வடிவத்தில் மூன்று வரியில் வருமாம். அந்த ஞாபகத்தில் வைத்த பெயர். 2009-ல் முதல் ஆல்ஃபா, 2018-ல் முதல் பீட்டா. நான் இறக்கியது ஐந்தாவது பீட்டா, 2024 செப்டம்பரில் வந்தது. இத்தனை வருஷத்தில் முதல் முழுப் பதிப்பு இன்னும் வெளியாகவில்லை! நம் வீட்டில் ஒரு ரேஷன் கார்டு மாற்ற மூன்று மாதம் ஆனால் நாம் குதிக்கிறோம். அவர்கள் பெரும்பாலும் சம்பளம் இல்லாமல், ஆபீஸ் முடிந்து வந்து, இருபது வருஷத்துக்கும் மேலாக ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அவர்கள்மேல் மரியாதை வந்துவிட்டது.

பென் டிரைவில் ஏற்றி நெட்புக்கில் செருகினேன். சொல்வது சுலபம். பயாஸுக்குள் போவதற்கு மெஷின் உயிர் பெறும் அந்த இரண்டு விநாடிக்குள் ஒரு கட்டையை அமுக்க வேண்டும். என் விரல் போய்ச் சேர்வதற்குள் எக்ஸ்பி எட்டிப் பார்த்துவிடும். ஏழு தடவை தோற்றேன். எட்டாவது தடவை இடது கையால் அமுக்கினேன். திரையில் ஒரு வரிசை சின்னங்கள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்தன. கடைசியாக ஒரு ராக்கெட். அது ஒளிர்ந்ததும் நீலத் திரை விரிந்தது. வலது மேல் மூலையில் ஒரு இலை. ஜன்னல்களுக்கு மேலே முழு நீளப் பட்டை கிடையாது. பழைய ஆபீஸ் ஃபைலில் ஒட்டிய சீட்டு மாதிரி மஞ்சளாக ஒரு சின்ன நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

"என்னங்க, உயிர் வந்துடுச்சா?" என்றாள் சமையலறையில் இருந்து.

"வந்துடுச்சு."

வைஃபை மட்டும் வரவில்லை. லேன் கேபிள் போட்டதும் இன்டர்நெட் வந்தது. இந்த மாதிரி ஆர்வலர்கள் செய்கிற சிஸ்டத்தில் இதெல்லாம் சகஜம் என்றார் தம்பி. ஒன்று ஓடும், ஒன்று ஓடாது. எது ஓடுகிறது என்று பார்ப்பதே பாதி விளையாட்டு.

இனி விளையாட்டுகளுக்கு வருகிறேன்.

சிஸ்டத்தோடு கூடவே சில டெமோக்கள் வருகின்றன. ஜிஎல் டீபாட் என்று ஒன்று. ஒரு தேநீர்க் கெட்டில் திரையில் சுற்றிக்கொண்டே இருக்கும், விநாடிக்கு எத்தனை படம் என்று மூலையில் ஒரு எண். பீஓஎஸ் காலத்தில் இருந்து வருகிற வழக்கம். பீஸ்நோ என்று இன்னொன்று. அதைத் திரையில் விட்டால் பனி கொட்டும், ஜன்னல்களின் தலையில் போய்ப் படியும். கும்பகோணத்து வெயிலில் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அதை ஒரு அரை மணி நேரம் பார்த்தேன் என்றால் நம்புவீர்களா?

ஹைக்கூடிப்போ என்பது அவர்களுடைய கடை. கடை என்று பெயர், காசு வாங்குவதில்லை. தேடி, இன்ஸ்டால் என்று ஒரு அமுக்கு அமுக்கினால் போதும். முதலில் சூப்பர்டக்ஸ் போட்டேன். ஒரு பென்குயின் ஓடி, குதித்து, தன் ஜோடியை மீட்கப் போகிற ஆட்டம். அம்புக்குறிக் கட்டையும் ஸ்பேஸ் கட்டையும் சேர்த்து அமுக்க வேண்டும். நான் குதிக்க நினைப்பதற்கும் விரல் அமுங்குவதற்கும் நடுவில் பென்குயின் பள்ளத்தில் விழுந்துவிடும். முதல் நாள் அந்தப் பென்குயினை நான் கொன்ற கணக்கு எடுத்தால் பாவம் ஏழு ஜென்மத்துக்கு வரும்.

சூப்பர்டக்ஸ்கார்ட் என்ற கார் பந்தயத்துக்கு ஆசைப்பட்டேன். அது முப்பரிமாண ஆட்டம். ஹைக்கூவில் படம் வரைகிற வேலையைக் கிராஃபிக்ஸ் சிப் செய்வதில்லை, எல்லாவற்றையும் பிராசஸரே கணக்குப் போட்டு வரைய வேண்டும். ஒரே ஆள் ஃபால்ட்டும் பார்த்து, பில்லும் போட்டு, டீயும் வாங்கி வருகிற சின்ன எக்ஸ்சேஞ்ச் மாதிரி. என் நெட்புக் ஒரு படம் காட்டும், மூச்சு வாங்கும், அடுத்த படம் காட்டும். பந்தயம் அல்ல, தேர். இங்கே தேர்கூட இதைவிட வேகமாக நிலைக்கு வந்துவிடும். அதை விட்டுவிட்டேன்.

எல்பிரேக்அவுட்2 எனக்குச் சரிப்பட்டது. கீழே ஒரு மட்டை, மேலே செங்கல் அடுக்கு, நடுவில் ஒரு பந்து. மவுஸை இடமும் வலமும் நகர்த்தினால் மட்டை நகரும். பந்தை அடித்துச் செங்கலை உடைக்க வேண்டும். முதல் வாரம் மவுஸ் என் கையில் ஈரச் சோப்பு மாதிரி வழுக்கியது. இரண்டாம் வாரம் மணிக்கட்டு பேச்சைக் கேட்டது. மூன்றாம் வாரம் முதல் அடுக்கை முழுவதும் உடைத்தேன். மொச்சைக் கொட்டையில் கிடைக்காத சந்தோஷம் அது. எழுந்துபோய்ச் சட்டைப் பொத்தானைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு பொத்தான் போட முடிந்தது.

ஸ்கம்விஎம் என்று ஒன்று போட்டேன். பழைய காலத்துக் கதை விளையாட்டுகளைப் புது மெஷின்களில் ஓட வைக்கிற புரோகிராம் அது. அதில் 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை' என்ற 1994-ம் வருஷத்து ஆட்டம். பிறகு அதை இலவசமாகவே விட்டுவிட்டார்கள். அவசரமே இல்லாத ஆட்டம். யோசித்து யோசித்து ஒவ்வொன்றாகச் சொடுக்கினால் போதும். இரண்டு நாள் ஒரே அறைக்குள் மாட்டிக்கொண்டு நின்றேன், அது வேறு விஷயம்.

நடுவில் ஒரு நாள் ஆடிக்கொண்டே இருக்கும்போது திரை திடீரென்று வெறும் எழுத்தாகிவிட்டது. வரி வரியாக எண்களும் ஆங்கில எழுத்துகளும். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தம்பிக்குப் போன் போட்டேன். சிரித்தார். "அது கே.டி.எல். அண்ணே. கெர்னல் டீபக்கிங் லேண்ட். சிஸ்டம் மயக்கம் போட்டு விழுந்திருக்கு. ரீபூட்னு டைப் அடிங்க, எழுந்துடும்." அடித்தேன். ராக்கெட் ஒளிர்ந்தது. இலை வந்தது. எனக்கு வைகாசியில் வந்ததும் ஒரு கே.டி.எல்.தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். டைப் அடிக்கத்தான் பக்கத்தில் ஆள் வேண்டியிருந்தது.

இத்தனையும் சொன்னேன், முக்கியமானதைச் சொல்லவில்லை. டெமோக்களில் பேர்ஸ் என்று ஒன்று இருக்கிறது. மிக எளிய ஆட்டம். நாலுக்கு நாலு, பதினாறு கட்டம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சின்னம் ஒளிந்திருக்கும். அந்த சிஸ்டத்தில் உள்ள புரோகிராம்களின் சின்னங்கள்தான். கடிகாரம், அஞ்சல் உறை, சிடி, கெட்டில், இப்படி எட்டு ஜோடி. இரண்டைத் திறந்தால் ஒன்றாக இருந்தால் மறைந்துவிடும். இல்லையென்றால் மூடிக்கொள்ளும். எங்கே எதைப் பார்த்தோம் என்று ஞாபகம் வைத்து எல்லா ஜோடியையும் சேர்க்க வேண்டும். கடைசியில் இத்தனை கிளிக்கில் முடித்தீர்கள் என்று சொல்லும். அவ்வளவுதான்.

முதல் நாள் 74 கிளிக். பதினாறு கட்டத்துக்கு எழுபத்து நாலு! நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் "கொஞ்சம் மறதி இருக்கும், போகப் போகச் சரியாகும்" என்று சொன்னபோது அது எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது ஒரு எண் கிடைத்துவிட்டது.

பழைய லாக்புக் பழக்கம் விடுமா? ஒரு நோட்டு எடுத்தேன். தினமும் காலைக் காபிக்குப் பிறகு மூன்று ஆட்டம். மூன்றின் சராசரியைத் தேதி போட்டு எழுதினேன். 74, 68, 70, 61... ஆவணி முடியும்போது 48. புரட்டாசி நடுவில் 41. யாரிடமும் சொல்லவில்லை. நோட்டைப் பஞ்சாங்கத்துக்கு அடியில் வைத்தேன். ஏறினால் என்ன செய்வது என்ற பயம்தான். இறங்கும் எண்ணை ஊருக்குச் சொல்லிவிட்டால், ஏறும் எண்ணையும் சொல்ல வேண்டிவரும்.

ஏறியது. ஐப்பசி முதல் வாரத்தில் ஒரு நாள் 52. தூக்கம் சரியில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் 66. அதற்கு அடுத்த நாள் 71. கை நடுங்கிக் கட்டம் மாறி அமுக்கினேனா என்று பார்த்தால் அதுவும் இல்லை. கை நன்றாகவே இருந்தது. திறந்த கட்டத்தையே திரும்பத் திரும்பத் திறந்துகொண்டிருந்தேன். லேசாகத் தலை கனம், ஒரு அசதி, வேறு ஒன்றும் இல்லை. மீண்டும் ஒரு ஸ்ட்ரோக் வரப்போகிறது, இந்தத் தடவை மொத்தமும் போய்விடும் என்று தோன்றியது. வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அவள் பயந்துவிடுவாள் என்று காரணம் கற்பித்துக்கொண்டேன். உண்மையில் பயந்தவன் நான்.

அன்று மாலை அவள் பிரதோஷம் எத்தனை மணிக்கு என்று பார்க்கப் பஞ்சாங்கத்தை எடுத்தாள். நோட்டு கீழே விழுந்தது.

"இது என்னங்க கணக்கு?"

மழுப்பிப் பார்த்தேன். அவள் விடவில்லை. சொன்னேன். நோட்டை முதல் பக்கத்தில் இருந்து விரலை வைத்துக் கடைசி வரை பார்த்தாள். அவள் படித்தது எட்டாவதுதான். ஆனால் பல்லாங்குழியில் அவளை ஜெயித்தவர் எங்கள் தெருவில் கிடையாது. எண்ணிக்கை அவளிடம் தப்பாது.

"இறங்கி வந்தது மூணு நாள்ல இவ்வளவு ஏறுதுன்னா ஒடம்புல என்னவோ இருக்கு. மூணு நாளா நீங்க ரெண்டு தடவை காபி கேட்டீங்க, குடிச்சதே ஞாபகம் இல்லாம. நான் வயசுன்னு நெனச்சு விட்டுட்டேன். கிளம்புங்க."

அன்றிரவே போனோம். நோட்டையும் எடுத்து வந்திருந்தாள். ரத்தம் எடுத்தார்கள். சோடியம் 124. குறைந்தது 135 இருக்க வேண்டுமாம். "ஸ்ட்ரோக் எதுவும் இல்ல. பிரஷருக்குப் போடற மாத்திரையில நீர் போற மருந்தும் சேர்ந்திருக்கு, அதனால சோடியம் இறங்கியிருக்கு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா ஃபிட்ஸ்கூட வந்திருக்கலாம்" என்றார் டாக்டர். இரண்டு நாள் உள்ளே வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல ஏற்றினார்கள். மாத்திரையை மாற்றினார்கள்.

நோட்டைப் பார்த்த டாக்டர், "இதை யார் எழுதச் சொன்னாங்க?" என்று கேட்டார். "யாரும் சொல்லல சார், எக்ஸ்சேஞ்ச் பழக்கம்" என்றேன்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். ஒரு விளையாட்டு என் உயிரைக் காப்பாற்றியது என்று கதை கட்ட நான் தயாராக இல்லை. அந்தப் பதினாறு கட்டத்துக்குச் சோடியம் தெரியாது. தூக்கம் கெட்டாலும் அந்த எண் ஏறும், பேரன் வந்து பக்கத்தில் கத்தினாலும் ஏறும். எண்ணை நான் பார்த்தேன், பார்த்துவிட்டு மூடி வைத்தேன். பஞ்சாங்கத்துக்கு அடியில் இருந்ததை வெளியே எடுத்தவள் அவள்தான். என் கையில் நோட்டு மட்டும் இருந்திருந்தால் நாலாம் நாளும் தேதி போட்டு 80 என்று எழுதிவிட்டுப் படுத்திருப்பேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை காபியை வைத்துவிட்டு அவள் நகரவில்லை. "அந்த ஆட்டத்தைக் காட்டுங்க பாப்போம்" என்றாள். காட்டினேன். பத்து நிமிஷம் பார்த்தாள். "தள்ளுங்க" என்று நாற்காலியை வாங்கிக்கொண்டாள். மவுஸ் பிடித்துப் பழக்கம் இல்லை. அதனால் முதல் ஆட்டம் 40. இரண்டாவது 34. மூன்றாவது 28.

"எப்படி?" என்றேன்.

"நீங்க வாய மூடிக்கிட்டு ஆடறீங்க. நான் பேர் சொல்லிக்கிட்டே ஆடறேன். மேல மூலையில கெட்டில். அதுக்குக் கீழ தபால். அது பக்கத்துல நம்ம சுவர்க் கடிகாரம். பல்லாங்குழியிலயும் எந்தக் குழியில எத்தனைன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேதான் இருப்பேன்."

மறுநாள் நானும் வாய்விட்டுச் சொல்லி ஆடினேன். 36. அதற்குப் பிறகு நாற்பதைத் தாண்டியது குறைவு. நோட்டில் இப்போது இரண்டு பத்தி. இடது பக்கம் என்னுடையது, வலது பக்கம் அவளுடையது. வலது பக்கம்தான் எப்போதும் சின்ன எண். நோட்டு பஞ்சாங்கத்துக்கு மேலே இருக்கிறது.

பொங்கல் லீவுக்குப் பேரன் பெங்களூரில் இருந்து வந்தான். பதினோரு வயது. நெட்புக்கைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது என்ன மியூசியம் பீஸா?" என்றான். சூப்பர்டக்ஸ்கார்ட் போட்டுப் பார்த்துவிட்டுத் தரையில் விழுந்து புரண்டு சிரித்தான். அப்புறம் பாட்டியோடு பேர்ஸ் ஆடினான். அவன் 44, அவள் 30. "பாட்டி சீட்டிங் பண்றாங்க, ஏதோ மந்திரம் சொல்றாங்க" என்று அழாத குறை. மூன்றாம் நாள் அவனும் "கெட்டில், தபால், கடிகாரம்" என்று முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பீஸ்நோவைத் திறந்து பனி கொட்ட விட்டது மட்டும் அவனுக்கு உண்மையாகவே பிடித்திருந்தது. "இது எதுக்கு தாத்தா செஞ்சாங்க?" என்று கேட்டான். "சும்மாதான்டா" என்றேன். யோசித்துப் பார்த்தால் அதைவிட நல்ல பதில் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

வலது கை முழுக்கத் திரும்பவில்லை. சட்டையில் மேல் பொத்தான் இன்னும் தகராறு செய்கிறது, அதை அவள்தான் போட்டுவிடுகிறாள். எல்பிரேக்அவுட்டில் ஐந்தாவது அடுக்குக்கு மேல் போக முடியவில்லை. ஹைக்கூவும் இன்னும் பீட்டாதான். இருவருக்கும் அவசரம் இல்லை.

போன வாரம் பழைய சாமான்காரர் தெருவில் மணியடித்துக்கொண்டு போனார். நான் வேண்டுமென்றே, "என்ன, அந்தக் குட்டிக் கம்ப்யூட்டரைப் போட்டுடலாமா?" என்று கேட்டேன்.

"வேணும்னா உங்க பழைய பேப்பரைப் போடுங்க" என்றாள், திரையில் இருந்து கண்ணை எடுக்காமல். "இருங்க, பேச்சுக் கொடுக்காதீங்க. ரெண்டாவது வரிசையில கெட்டில்..."